அந்தப் பெட்டியில் என்ன எழுதுவது? ஐ.டி. வேலை தேட ஐந்து வழிகள், ஒரு ஒப்பீடு

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் வரும் மெசேஜ்கள் பெரும்பாலும் ஒரே அச்சில்தான் இருக்கும். "ஹாய் அண்ணா, எப்படி இருக்கீங்க? உங்க கம்பெனியில ஓப்பனிங் ஏதாவது இருக்கா? ரெஃபர் பண்ண முடியுமா?" கூடவே ஒரு பிடிஎஃப். அனுப்பியவரை நான் பார்த்ததே இல்லை. போன தீபாவளியிலிருந்து இப்படி வந்தவற்றை ஒருநாள் உட்கார்ந்து எண்ணினேன்: 38.

இவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கல்லூரியில் கடைசி வருடம் யாரோ ஒருவர் வந்து "நெட்வொர்க்கிங் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார். எப்படிப் பண்ணுவது என்று கேட்பதற்குள் நன்றியுரை வந்துவிடுகிறது.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கம்பெனியின் உள்தளத்தில், தெரிந்தவரை வேலைக்குப் பரிந்துரைக்கும் ரெஃபர் பொத்தானை நான் அழுத்தினால் ஒரு படிவம் திறக்கும். பெயர், மின்னஞ்சல், ரெஸ்யூமே. அதற்குக் கீழே, "இவரை உங்களுக்கு எப்படித் தெரியும்?" உடன் வேலை பார்த்தவர், உடன் படித்தவர், நண்பர் அல்லது உறவினர், நேரடிப் பழக்கம் இல்லை என்று நான்கு விடைகள், ஒன்றைத் தொட வேண்டும். அதற்கும் கீழே ஒரு வெற்றுப் பெட்டி: "இவருடைய வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்ததை எழுதவும்."

38 பேரில் 36 பேருக்கு அந்தப் பெட்டியில் எழுத என்னிடம் ஒரு வரிகூட இல்லை.

போன மாதம் இரண்டு பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியோடு வந்தார்கள். ஒருவன் என் சித்தி பையன். கோவைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் 2024-ல் முடித்தவன். கேம்பஸுக்கு வந்த கம்பெனிகளில் பாதி விற்பனை வேலைக்கு ஆள் எடுக்க வந்தவை. இன்னொருவர் என்னோடு முன்பு வேலை பார்த்தவர். ஐந்து வருட அனுபவம், சப்போர்ட்டிலிருந்து (ஓடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் வேலை) டெவலப்மெண்டுக்கு (மென்பொருளை எழுதும் வேலை) மாறத் துடிக்கிறார், 90 நாள் நோட்டீஸ், அதாவது ராஜினாமா கொடுத்த பிறகும் 90 நாள் வேலை பார்க்க வேண்டும். "போர்ட்டல்ல போட்டுக்கிட்டே இருக்கிறதா, இல்ல ஆள் பிடிக்கிறதா?" என்பதுதான் இருவர் கேள்வியும். தனித்தனியாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

நான் நான்கு விஷயங்களைப் பார்ப்பேன்.

முதலாவது, காலம். இன்று தொடங்கினால் முதல் இன்டர்வியூ அழைப்பு எப்போது வரும்? வீட்டு வாடகை கட்ட வேண்டியவருக்கும் அப்பா அம்மாவோடு இருப்பவருக்கும் இதில் ஒரே விடை இருக்காது.

இரண்டாவது, அந்தப் பெட்டி. இந்த வழியில் போனால், உங்கள் வேலையைக் கண்ணால் பார்த்த ஒருவர் மறுமுனையில் இருப்பாரா?

மூன்றாவது, மறைமுகச் செலவு. பணம் இதில் சின்னப் பங்குதான். நன்றிக்கடன், ப்ரொஃபைல் ஒரு இடத்தில் பூட்டிக்கொள்வது, சொந்தத்தில் மனஸ்தாபம் எல்லாம் இதில் சேரும்.

நான்காவது, வேலை கிடைக்காமலே போனால் கையில் என்ன மிஞ்சும்? இதை யாரும் கேட்பதில்லை. தேடல் ஆறு மாதம் இழுக்கும்போதுதான் இந்தக் கேள்வியின் அருமை தெரியும்.

## வழி 1: போர்ட்டலில் விண்ணப்பிப்பது

வேலை தேடும் இணையதளமான நௌக்ரி 1997-லிருந்து இருக்கிறது, லிங்க்ட்இன் 2003-லிருந்து. இரண்டும் தெரியாதவர் இங்கே யாரும் இல்லை என்பதால் அறிமுகம் வேண்டாம். மறுமுனையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

விண்ணப்பங்களை முதலிலிருந்து கடைசிவரை யாரும் படிப்பதில்லை. ஆள் எடுக்கும் ரெக்ரூட்டர் வடிகட்டி போடுவார்: இத்தனை வருட அனுபவம், இந்த ஊர், இந்தச் சம்பளத்துக்குள், நோட்டீஸ் 30 நாளுக்குள். 90 நாள் நோட்டீஸ் உள்ளவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கடைசி வடிகட்டியில் காணாமல் போவார். தினமும் காலையில் ப்ரொஃபைலில் ஒரு கமாவைச் சேர்த்துச் சேமிப்பது, மறுநாள் அதை எடுப்பது என்று ஒரு பழக்கம் நம் ஆட்களிடம் உண்டு. கேலியாகத் தோன்றினாலும் அதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. சமீபத்தில் யார் புதுப்பித்திருக்கிறார்கள் என்றும் ரெக்ரூட்டர் வடிகட்டுவார்.

இதன் மறைமுகச் செலவை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டாவது வேலை தேடியபோது போர்ட்டலில் கண்ணில் பட்டதற்கெல்லாம் போட்டேன். ஒரு கன்சல்டன்சியும் கூப்பிட்டு ரெஸ்யூமே கேட்டது, கொடுத்தேன். இரண்டு மாதம் கழித்து, கல்லூரி நண்பன் தன் கம்பெனியில் எனக்குச் சரியாகப் பொருந்தும் இடம் இருப்பதாகச் சொல்லி ரெஃபர் செய்தான். மறுநாளே அவனுக்கு மெயில்: இந்த ப்ரொஃபைல் ஏற்கெனவே ஒரு வெண்டர் (ஆள் அனுப்பும் ஏஜென்சி) மூலம் வந்திருக்கிறது, ஆறு மாதம் ஆகாமல் ரெஃபரலாக ஏற்க முடியாது. கன்சல்டன்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் என் ரெஸ்யூமேயை அங்கே அனுப்பியிருந்தது. ரெஃபர் செய்தவருக்குக் கம்பெனி தரும் போனஸை நண்பன் இழந்தான், நான் அந்த டீமையே இழந்தேன். பல கம்பெனிகளில் இந்த விதி இருக்கிறது. அதனால் நீங்கள் உண்மையிலேயே போக ஆசைப்படும் ஐந்தாறு கம்பெனிகளின் பட்டியலைத் தனியாக எழுதி வையுங்கள். அவற்றுக்கு மட்டும் போர்ட்டலில் போடாதீர்கள். கன்சல்டன்சியிடமும் "என்னைக் கேக்காம எங்கயும் அனுப்பாதீங்க" என்று மெயிலில் எழுதி, சரி என்று பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

போர்ட்டல் யாருக்கு நல்லது? மூன்றிலிருந்து எட்டு வருட அனுபவம், சந்தையில் இப்போது கேட்கும் திறமை, நோட்டீஸ் பாதி முடிந்துவிட்டது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம்; போன் ஓயாது. புதியவர்களுக்கு இதன் கூடவே டி.சி.எஸ். என்.க்யூ.டி. போன்ற, கம்பெனிகள் ஆள் எடுக்கப் பார்க்கும் பொதுத் தேர்வுகள் இருக்கின்றன. அங்கே யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை, மார்க் எடுத்தால் போதும். நெட்வொர்க் முக்கியம் என்று பேசுகிறவர்கள் இதை மட்டமாகப் பேசுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. வீட்டில் முதல் பட்டதாரியாக இருப்பவருக்கு அதுதான் முதல் கதவு.

மிஞ்சுவது என்று பார்த்தால், இன்டர்வியூ பழக்கத்தைத் தவிர ஒன்றுமில்லை. 400 விண்ணப்பம் போட்டபின் உங்களைத் தெரிந்தவர் எண்ணிக்கை ஒன்றுகூட ஏறியிருக்காது.

## வழி 2: தெரிந்தவர் மூலம் ரெஃபரல்

"தெரிந்தவர்" என்றதும் நமக்கு முதலில் வருவது ரூம்மேட், கிளாஸ்மேட், மாமா பையன். இவர்களிடம் கேட்பது எளிது. ஆனால் இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது.

மார்க் கிரானவெட்டர் என்ற அமெரிக்க சமூகவியலாளர், பாஸ்டனுக்கு அருகில் நியூட்டன் என்ற ஊரில், புதிதாக வேலை மாறியவர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்: இந்த வேலையை உங்களுக்குச் சொன்னவரை அந்தச் சமயத்தில் எவ்வளவு அடிக்கடி பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? ஆட்கள் மூலம் வேலை பெற்றவர்களில், அடிக்கடி பார்ப்பவர் மூலம் பெற்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் மூலம் 55.6 சதவீதம். வருடத்துக்கு ஒருமுறையோ அதற்கும் குறைவாகவோ பார்த்தவர் மூலம் 27.8 சதவீதம். 1973-ல் வந்த கட்டுரை. ஐம்பது வருடம் பழசு என்று தள்ளிவிடலாம். ஆனால் 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, லிங்க்ட்இனில் இரண்டு கோடிப் பேருக்கு மேல் ஐந்து வருடம் நடத்திய சோதனைகளை வைத்து இதையே மறுபடி பார்த்தது. ரொம்ப நெருங்கியவரால் கிடைத்த பலன் குறைவு, பெயரளவுக்குத் தொடர்பில் இருப்பவராலும் அவ்வளவு பலன் இல்லை. ஓரளவு தெரிந்த, நடுத்தரத் தூரத்தில் இருப்பவர்களால்தான் வேலை மாற்றம் அதிகம் நடந்தது. கணினி சார்ந்த துறைகளில் இந்தத் தூரத்து உறவுகளின் பலன் இன்னும் கூடுதலாக இருந்தது.

காரணம் நமக்குத் தெரிந்ததுதான். ரூம்மேட்டுக்குத் தெரிந்த ஓப்பனிங் எனக்கும் தெரியும். இருவரும் அதே வாட்ஸ்அப் குரூப்பில்தான் இருக்கிறோம். மூன்று வருடம் முன்பு ஒரே ப்ராஜெக்டில் இருந்துவிட்டு பெங்களூரு போனவருக்குத்தான் எனக்குத் தெரியாதது தெரியும். பெட்டியில் எழுதவும் அவருக்கு விஷயம் இருக்கும்: "ராத்திரி இரண்டு மணிக்கு ப்ரொடக்‌ஷன் சர்வர் நின்றுபோனபோது அதன் பதிவுகளை (லாக்) படித்துக் காரணம் கண்டுபிடித்தவர்." மாமா பையன் என்ன எழுதுவான்? "நல்ல பையன்."

மறைமுகச் செலவு இங்கேதான் அதிகம். ரெஃபரல் போனஸ் பெரும்பாலும் புதியவர் சேர்ந்து மூன்று மாதம் தாண்டிய பிறகுதான் கைக்கு வரும். நோட்டீஸ் காலத்தில் மூன்று ஆஃபர் வாங்கி, அதிகம் தருகிற இடத்தில் போய்ச் சேர்வது நம் ஊரில் சகஜம். போர்ட்டல் வழியாக வந்த ஆஃபரை அப்படி விட்டால் ஒரு ஹெச்.ஆர். திட்டுவார், அவ்வளவுதான். ரெஃபரலில் வந்ததை விட்டால் உங்களுக்காக வாய் திறந்தவர் தன் மேனேஜர் முன்னால் தலைகுனிய வேண்டும். அவர் சொந்தக்காரராக இருந்துவிட்டால் அடுத்த கல்யாணத்தில் பந்தி வரைக்கும் அது பேசப்படும். என் அத்தை வீட்டில் இன்னும் ஓயவில்லை.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். ரெஃபரலை மட்டுமே நம்பும் இடத்தில், உள்ளே இருப்பவர்களைப் போன்றவர்களே மேலும் மேலும் வருவார்கள்: அதே கல்லூரி, அதே ஊர், அதே சாதி வட்டம். ஐ.டி.யில் ஒரு மாமாகூட இல்லாத வீட்டிலிருந்து வருபவருக்கு "தெரிஞ்சவங்ககிட்ட கேளு" என்பது அறிவுரையே கிடையாது. அவருக்குத்தான் அடுத்த மூன்று வழிகளும்.

ஒரு வார்த்தை: டெலிகிராமில் காசுக்கு ரெஃபரல் விற்பவர்கள் இருக்கிறார்கள். வாங்காதீர்கள். விற்பவர் "நேரடிப் பழக்கம் இல்லை" என்பதைத் தொட்டுவிட்டுப் பெட்டியை வெறுமையாக அனுப்புவார். அந்த விண்ணப்பத்துக்கும் போர்ட்டல் விண்ணப்பத்துக்கும் வித்தியாசம் இல்லை. போதாததற்கு ப்ரொஃபைலும் ஆறு மாதம் பூட்டிக்கொள்ளும்.

## வழி 3: முன்பின் தெரியாதவருக்கு எழுதுவது

38-ல் மிச்சமிருந்த இரண்டு பேரில் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தஞ்சாவூர்ப் பக்கம் படித்த பெண். சென்னையில் ஒரு சந்திப்பில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸ்கள் பற்றி நான் பேசியதன் பதிவை யூடியூபில் பார்த்துவிட்டு லிங்க்ட்இனில் எழுதியிருந்தார். ஆங்கிலத்தில் இருந்தது, சாரம் இது:

"நீங்கள் சொன்ன பார்ஷியல் இண்டெக்ஸை எங்கள் கல்லூரி நூலகச் செயலியில் போட்டுப் பார்த்தேன். திரும்பி வராத புத்தகங்களின் பட்டியல் 4 விநாடியிலிருந்து அரை விநாடிக்குள் வந்துவிட்டது. ஆனால் மாணவர் வாரியாகத் தேடும் பக்கத்தில் மட்டும் இண்டெக்ஸை எடுக்கவே மாட்டேன் என்கிறது. போஸ்ட்கிரெஸ் எப்படித் தேடும் என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் முடிவைக் கீழே ஒட்டியிருக்கிறேன். நேரமிருந்தால் பாருங்கள்."

வேலை பற்றி ஒரு சொல் இல்லை. எனக்கும் ஆர்வம் வந்துவிட்டது. டீ ஆறும்வரை அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விஷயம் சின்னது. பார்ஷியல் இண்டெக்ஸ் ஒரு நிபந்தனைக்குப் பொருந்தும் வரிசைகளை மட்டும் வைத்துக்கொள்ளும். இண்டெக்ஸின் நிபந்தனை "திரும்பிய தேதி காலியாக இருந்தால்" என்று இருந்தது. தேடும் பக்கமோ "நிலை = பாக்கி" என்று கேட்டது. நமக்கு இரண்டும் ஒன்றுதான், போஸ்ட்கிரெஸுக்கு அது தெரியாது. கேள்வியில் உள்ள நிபந்தனையிலிருந்து இண்டெக்ஸின் நிபந்தனை தானாகவே விளங்கினால்தான் அது அந்த இண்டெக்ஸைத் தொடும். இரண்டு வரியில் பதில் போட்டேன். மறுநாள் "சரியாகிவிட்டது" என்று எழுதியதோடு நிற்காமல், அந்த "நிலை" என்ற நெடுவரிசையே தேவையில்லை என்று தூக்கிவிட்டதாகவும், ஏன் என்றும் எழுதியிருந்தார்.

இப்படி ஐந்து மாதத்தில் நான்கு முறை எழுதியிருப்பார். பிறகு எங்கள் டீமில் ஜூனியர் இடம் வந்தபோது நானேதான் கேட்டேன், "அப்ளை பண்றீங்களாம்மா?" அந்தப் பெட்டியில் ஐந்து வரி எழுதினேன். நான்கு நாளில் அழைப்பு போனது. மூன்றாவது சுற்றில் இங்கே எடுக்கவில்லை. எனக்கு இன்னும் அதில் வருத்தம்தான். ஆனால் அவரை இன்டர்வியூ செய்த சக ஊழியர் தன் பழைய கம்பெனியில் ஒருவரிடம் பேசினார், அந்தப் பெண் அங்கே சேர்ந்துவிட்டார்.

இந்த வழியின் செலவு உங்கள் நேரமும் கொஞ்சம் மானமும். பத்துப் பேருக்கு எழுதினால் எட்டுப் பேர் பதில் போட மாட்டார்கள். லிங்க்ட்இன் இலவசக் கணக்கில் குறிப்போடு அனுப்பும் அழைப்புகள் மாதத்துக்குச் சிலவே, அதுவும் சில வரிகள்தான். எனவே வீணாக்காமல் யாருக்கு எழுதுகிறோம் என்று தேர்ந்து எழுத வேண்டும். கம்பெனியின் பெரிய தலைகளுக்கு எழுதாதீர்கள். உங்களைவிட மூன்று நான்கு வருடம் முன்னால் இருப்பவர்தான் பதில் போடுவார், அவருக்குத்தான் ஜூனியர் இடங்கள் காலியாவதும் தெரியும். தமிழில் எழுதலாமா என்று கேட்கிறார்கள். அவர் தமிழர் என்று தெரிந்தால் தாராளமாக எழுதலாம். திக்கித் திணறிய ஆங்கிலத்தைவிடத் தெளிவான தமிழ் எனக்குச் சீக்கிரம் புரிகிறது.

பெண்களுக்கு இதில் கூடுதல் செலவு உண்டு. "டெக்னிக்கல் டவுட்" என்று எழுதினால் ராத்திரி "சாப்டாச்சா?" என்று பதில் போடும் ஆட்கள் இருக்கிறார்கள். பொது இடத்தில், அதாவது ஒரு பதிவுக்குக் கீழே அல்லது குழுவின் அஞ்சல் பட்டியலில், முதல் கேள்வியைக் கேட்டுவிட்டுப் பிறகு தனிச் செய்திக்குப் போவது பாதுகாப்பு என்று அந்தப் பெண்ணே சொன்னார்.

லிங்க்ட்இனில் தினம் ஒரு பதிவு, "30 நாள் சவால்", "நான் நிராகரிக்கப்பட்டதில் கற்ற ஏழு பாடங்கள்" வகையறாக்களையும் இதே வழியில் சேர்ப்பார்கள். லைக் வரும். அதைப் போடுகிறவர் என்ன வேலை செய்வார் என்று அதைப் படித்து என்னால் ஒருநாளும் சொல்ல முடிந்ததில்லை.

## வழி 4: குழுக்கள், மாதச் சந்திப்புகள்

சென்னையில் இதற்குப் பழைய மரபு இருக்கிறது. ஐ.எல்.யு.ஜி.சி. என்ற சென்னை லினக்ஸ் பயனர் குழுவின் கூட்டங்களில் கற்றுக்கொண்டவர்கள் இன்று பல கம்பெனிகளில் மூத்த இடங்களில் இருக்கிறார்கள். பைதான் நிரல்மொழிக்காரர்களுக்கு மாதாமாதம் சனிக்கிழமை கூடும் சென்னைபை. சென்னைக்கு வர முடியாதவர்களுக்கு, காஞ்சி லினக்ஸ் பயனர் குழு வாராவாரம் இணையத்தில் கூடுகிறது. பேச்சும் பெரும்பாலும் தமிழில்தான். விழுப்புரத்திலும் ஒரு க்னூ லினக்ஸ் பயனர் குழு இருக்கிறது, மாணவர்களுக்கு இலவசமாகச் சொல்லித் தருகிறார்கள். எதற்கும் கட்டணம் கிடையாது.

முதல் கூட்டத்திலேயே ரெஸ்யூமேயை நீட்டுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இரண்டாவது கூட்டத்துக்கு அவர்கள் வருவதில்லை. வந்து, நாற்காலி போட்டு, ப்ரொஜெக்டர் கேபிள் தேடி, மூன்றாவது கூட்டத்தில் ஐந்து நிமிடம் ஏதாவது பேசியவர்களை எல்லோருக்கும் பெயர் சொல்லித் தெரியும். ஐந்து நிமிடப் பேச்சுக்குப் பெரிய விஷயம் தேவையில்லை. மின்வாரிய பில்லை இணையதளத்திலிருந்து நிரல் மூலம் எடுத்து (ஸ்க்ரேப் செய்து) கணக்குப் பார்த்ததை ஒரு பையன் பேசினான். கேள்வி நேரம் பேச்சைவிட நீண்டது. கூட்டம் முடிந்து "யாராவது ஆள் எடுக்கிறீர்களா?" என்று கேட்கும்போது இரண்டு மூன்று கை எழும். போர்ட்டலில் இன்னும் ஏறாத இடங்கள் அவை. அதைவிட வாசலில் டீ குடிக்கும்போது நடக்கும் பேச்சுதான் எனக்குப் பிடிக்கும்.

செலவு? மாதத்தில் ஒரு சனிக்கிழமை, வெளியூர்க்காரர்களுக்குப் பஸ் காசு, ஹாஸ்டல் பெண்களுக்கு வார்டனின் அனுமதி. ஆறு மாதமாவது பிடிக்கும். நடுவில் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் கேட்பார்கள், பதில் இருக்காது. அவசர வேலை தேவைப்படுபவருக்கு இது உதவாது. ஆனால் மிஞ்சுவது என்ற கணக்கில் இதை எதுவும் அடிக்க முடியாது. வேலை கிடைத்தாலும் போனாலும் அந்த முப்பது பேர் இருப்பார்கள். கிரானவெட்டர் சொன்ன "எப்போதாவது பார்ப்பவர்" மாதம் ஒருமுறை தானாகவே கிடைக்கும் இடம் இது.

## வழி 5: திறந்த மூலத்தில் வேலை செய்து காட்டுவது

திறந்த மூலம் என்றால் மென்பொருளின் நிரலை யாரும் பார்க்கலாம், திருத்தியும் அனுப்பலாம். இங்கே பெட்டி முன்கூட்டியே நிரம்பியிருக்கும். நீங்கள் அனுப்பிய மாற்றம், அதைப் பராமரிப்பவர் கேட்ட கேள்விகள், நீங்கள் சொன்ன பதில், திருத்தி மறுபடி அனுப்பியது எல்லாம் நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் யாரும் படிக்கலாம். இன்டர்வியூவுக்கு முன் நான் படிப்பது அதைத்தான். எழுதிய நிரலைவிட, "இது ஏன் இப்படி?" என்று ஒருவர் கேட்டபோது எப்படிப் பதில் சொன்னீர்கள் என்பதில் ஆளைத் தெரிந்துகொள்ளலாம். வழிகாட்டியோடு திறந்த மூல ப்ராஜெக்டில் வேலை செய்யும் திட்டமான கூகுள் சம்மர் ஆஃப் கோட் 2005-ல் மாணவர்களுக்காகத் தொடங்கியது. 2022 முதல் மாணவர் அல்லாதவர்களும் சேரலாம். உதவித்தொகையும் உண்டு.

ஆனால் இந்த வழியைக் கெடுத்து வைத்திருக்கிறோம். திறந்த மூலத்துக்குப் பங்களிக்க அக்டோபர்தோறும் நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்டில், 2020-ல், இலவச டி-ஷர்ட்டுக்காக ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு வார்த்தையை மாற்றி அனுப்பும் குப்பை குவிந்து, விரும்பும் ப்ராஜெக்ட்கள் மட்டும் சேரலாம் என்று விதியையே மாற்றினார்கள். பிறகு எக்ஸ்பிரஸ் ஜேஎஸ் என்ற பிரபல திறந்த மூல ப்ராஜெக்டுக்கும் அதே கதி: வீடியோ பாடம் பார்த்தவர்கள் அதன் ரீட்மீயில் தங்கள் பெயரைச் சேர்த்து அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். இந்த ப்ராஜெக்ட்களைப் பராமரிப்பவர்களில் பலருக்குச் சம்பளம் கிடையாது. எரிச்சலாகத்தான் இருப்பார்கள்.

பெரிய ப்ராஜெக்டில் முதல் மாற்றம் ஏற இரண்டு மூன்று மாதம்கூட ஆகலாம். தொடங்க, நீங்களே பயன்படுத்தும் சின்னக் கருவி நல்லது. தமிழ் எழுத்துகளைக் கையாளும் ஓப்பன் தமிழ் என்ற பைதான் நூலகம் மாதிரி. மொழி தெரிந்தவர்களுக்கே கண்ணில் படும் பிழைகள் அங்கே உண்டு.

கல்லூரிப் பெயர் கைகொடுக்காதவருக்கும், வெளிநாட்டுக் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்க நினைப்பவருக்கும் ஐந்தில் இதுதான் சிறந்தது. முழுநேர வேலையும் கைக்குழந்தையும் இருப்பவரிடம் "வீக்கெண்டில் கான்ட்ரிப்யூட் பண்ணுங்க" என்று சொல்ல எனக்கு வாய் வராது.

## ஒரே பார்வையில்

காலம் என் கண்ணில் பட்டவரை போட்ட கணக்கு. உங்களுக்கு முன்பின் ஆகலாம்.

| வழி | முதல் அழைப்புக்கு | மறைமுகச் செலவு | பெட்டியில் இருப்பது | வேலை கிடைக்காவிட்டால் மிஞ்சுவது |
|---|---|---|---|---|
| போர்ட்டல் | அனுபவசாலிக்குச் சில நாள். புதியவருக்கு எப்போது என்று சொல்ல முடியாது | ப்ரொஃபைல் பூட்டு, தினசரி ஏமாற்றம் | பெட்டியே இல்லை | இன்டர்வியூ பழக்கம் மட்டும் |
| தெரிந்தவர் ரெஃபரல் | ஓரிரு வாரம் | நன்றிக்கடன், சொந்தத்தில் சங்கடம் | உடன் வேலை பார்த்தவர் என்றால் நிறைய. உறவினர் என்றால் ஒரு வரி | பழைய தொடர்பு புதுப்பித்தது |
| தெரியாதவருக்கு எழுதுவது | மூன்று மாதத்துக்கு மேல் | பதில் வராத மௌனம். பெண்களுக்குத் தொல்லை | நீங்கள் காட்டிய அளவு | இரண்டு மூன்று வழிகாட்டிகள் |
| குழுக்கள் | ஆறு மாதம் | சனிக்கிழமை, பயணம் | பார்த்தவர்கள் சொல்வார்கள் | முப்பது பேர் |
| திறந்த மூலம் | ஆறு மாதம் முதல் ஒரு வருடம் | இரவு நேரம், பொறுமை | எல்லாம் எழுத்தில் | அழியாத வேலைப் பதிவு |

## அந்த இருவருக்குச் சொன்னது

முன்னாள் சக ஊழியருக்குத் தயக்கமே இல்லாமல் இரண்டாவது வழியைச் சொன்னேன், ஒரு திருத்தத்தோடு. நண்பர்களை விட்டுவிட்டு, கடந்த ஐந்து வருடத்தில் உங்களோடு ஒரே டிக்கெட்டில், அதாவது ஒரே பிரச்சினையைத் தீர்க்க, வேலை பார்த்து இப்போது வேறிடத்தில் இருப்பவர்களின் பட்டியலை எடுங்கள். இருபது பேராவது தேறுவார்கள். வேலை கேட்காதீர்கள், சப்போர்ட்டில் இருந்தபோது நீங்கள் எழுதிய அந்த லாக் அலசும் ஸ்க்ரிப்ட் ஞாபகம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதை கிட்ஹப்பில் ஏற்ற முடியாது, கம்பெனிச் சொத்து. ஆனால் பார்த்தவர் சொல்லலாம். போர்ட்டலை இப்போது தொடவே வேண்டாம், நோட்டீஸ் கொடுத்த மறுநாள் திறக்கலாம் என்றேன். ஆஃபர் இல்லாமல் பேப்பர் போட (ராஜினாமா செய்ய) சொல்கிறீர்களா என்று கேட்டார். இல்லை, அந்த இருபது பேரிடமும் பேசிய பிறகு அந்தக் கேள்வியைக் கேளுங்கள் என்றேன். ஒன்பதாவது ஆளிடம் இருக்கிறார் இப்போது.

சித்தி பையனிடம் பேசுவது கஷ்டமாக இருந்தது. அவனுக்கு நான் உறவினர், பெட்டியில் எழுத என்னிடம் "நல்ல பையன்"தான் இருக்கிறது. அதை அவனிடமே சொல்லிவிட்டேன், முகம் சுருங்கியது. சித்தி இரண்டு வாரம் போன் எடுக்கவில்லை. அவனுக்கு நான் சொன்னது: பொதுத் தேர்வுகளை விடாதே, காலையில் ஒரு மணி நேரம் போர்ட்டல், அதற்கு மேல் வேண்டாம். மிச்ச நேரத்தில் நான்காவது வழி. கோவையிலிருந்து சென்னை வர வேண்டாம், இணையக் கூட்டத்தில் உட்கார். மூன்று மாதம் வாயைத் திறக்காவிட்டாலும் பரவாயில்லை, நான்காவது மாதம் ஐந்து நிமிடம் பேசு.

போன ஞாயிற்றுக்கிழமையே இணையக் கூட்டத்தில் பேசினான். அவன் ஊர் மினிபஸ் நேர அட்டவணையை ஒரு சின்ன வலைப்பக்கமாகச் செய்திருக்கிறான். நடுவில் ஒருமுறை ஸ்க்ரீன் ஷேர் நின்றுபோனது, பையனுக்கு வேர்த்துவிட்டதாம். வேலை தருகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. நாமக்கல்லில் இருந்து ஒருவர் மட்டும் நிரல் எங்கே இருக்கிறது, எங்கள் ஊர் பஸ்ஸையும் சேர்க்கலாமா என்று கேட்டிருக்கிறார். ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு மெசேஜ்: "அண்ணா, கிட்ஹப்ல பிரைவேட்டா இருந்த ரெப்போவ பப்ளிக் ஆக்கறது எப்படி?"